சட்டைக்கு எந்த ஊரு, மருமகனே?

வா மருமகனே, உட்காரு. பசியாறிட்டியா? கண்டெயினர் எடுக்கப் போறியாமே! சிரம்பான் பாசார் வரைக்கும் பேச்சு அடிபடுது. ஒரு சாக்கு ஒட்டுப்பாலைத் தூக்கச் சொன்னா இடுப்புப் புடிச்சிக்கிற பய, இருபதடிப் பெட்டியைக் கடல் தாண்டித் தூக்கப் போறான்னு கேட்டதுலேர்ந்து எனக்குச் சந்தோசத்துல தூக்கமே இல்ல. உன் அம்மாவும் தூங்கலையாம். அவ காரணம் வேற. வீட்டுப் பத்திரத்தை இடம் மாத்தி ஒளிச்சி வெச்சிக்கிட்டு இருந்தாளாம்.

உன் திட்டம் என் காதுக்கும் வந்துச்சு. நீலாய் 3-ல மொத்தக் கடையில சீனாவுலேர்ந்து வந்த ஜிப்பாவை டசன் டசனா அள்ளுறது. கழுத்து லேபிளைப் பிரிச்சி, மலேசியத் தயாரிப்புன்னு புதுசு ஒண்ணைத் தைக்கிறது. இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பையில மடிச்சி, கிள்ளான் துறைமுகத்துல ஏத்தி, சென்னையில இறக்குறது. ஆசியானுக்கும் இந்தியாவுக்கும் ஒப்பந்தம் இருக்கு, சுங்க வரி கிடையாது, லாபம் கொட்டும். அடேயப்பா! இவ்வளவு பெரிய மூளையை இத்தனை நாளா மோட்டார் ஹெல்மெட்டுக்குள்ள மூடி வெச்சிருந்தியேடா. ஆமா, இதைச் சொல்லிக் குடுத்த கூட்டாளி பேர்ல கம்பெனியைப் பதிஞ்சியா, உன் பேர்லயா? உன் பேர்லயா... அதானே பார்த்தேன்.

ஒப்பந்தம் இருக்கிறது நிசம்தான். 2009 ஆகஸ்டுல பேங்காக்ல கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1-ல நடைமுறைக்கு வந்தது. அதுக்கு மேல மலேசியாவும் இந்தியாவும் தனியா ஒண்ணு போட்டு, அது 2011 ஜூலை 1-லேர்ந்து ஓடுது. ஆனா வரிச் சலுகை உனக்கு இல்ல, உன் கம்பெனிக்கும் இல்ல. சட்டைக்கு. அந்தச் சட்டை இந்த ஊர்லதான் பொறந்ததுன்னு மித்தி, அதான் வாணிப அமைச்சு, ஒரு பாரம் குடுக்கணும். ஏ.ஐ. பாரம்னு பேரு. ஏ.ஐ.ன்னதும் கைபேசியை எடுக்காதே. ஆசியான், இந்தியா, அவ்வளவுதான். அதுதான் சட்டையோட பொறப்புப் பத்திரம். அதைச் சும்மா தூக்கிக் குடுத்துட மாட்டாங்க. பொறந்த கதையைக் கேட்பாங்க.

ரெண்டு கேள்வி. மொதல் கேள்வி, கப்பல் ஏறுற விலையில 35 விழுக்காடாவது ஒப்பந்தத்துக்குள்ள இருக்கிற நாட்டுல உண்டான மதிப்பா இருக்கணும். ஒரு ஜிப்பா கிள்ளான்ல கப்பல் ஏறுற விலை 20 வெள்ளின்னு வை. ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிற ஊர்த் துணி, பொத்தான், ஊசிநூல் எல்லாம் சேர்த்து 13 வெள்ளியைத் தாண்டக் கூடாது. மிச்சம் 7 வெள்ளி இங்கத்துக் கூலி, கரண்டு, வாடகை, உன் லாபம். 20-ல 7, சரியா 35 விழுக்காடு. இப்ப உன் மூஞ்சி பிரகாசமாகுது பாரு! 12 வெள்ளிக்கு வாங்கி 20-க்கு அனுப்புறேன் மாமா, 40 விழுக்காடு வருதேங்கிற. வரும். அதுக்காகத்தானே ரெண்டாவது கேள்வியை வெச்சிருக்கான். உள்ளே வந்த பொருளோட சுங்க எண்ணும் வெளியே போற பொருளோட எண்ணும் ஆறு இலக்கத்துல மாறியிருக்கணும். துணியா வந்து சட்டையா போனா எண் மாறும். ஜிப்பாவா வந்து ஜிப்பாவா போனா? நீ சேர்த்தது லாபம் மட்டும்தான். லாபத்தைத் தைக்கிறதுக்கு எந்த மிஷினும் வேணாம்.

அதோட விட்டானா? லேபிள் ஒட்டுறது, இஸ்திரி போடுறது, சலவை செய்யிறது, பொட்டலம் கட்டுறது, அளவுக்கு வெட்டி ஓரம் அடிக்கிறது, மணி கோக்கிறது, நாடா வெச்சித் தைக்கிறது, இதையெல்லாம் மட்டும் பண்ணிட்டு 'இங்க பொறந்தது'ன்னு சொல்லக் கூடாதுன்னு அந்த விதியில தனியா எழுதியே வெச்சிருக்கான். உன் கூட்டாளியை நேர்ல பார்த்து எழுதின மாதிரி இருக்கு.

இந்த இடத்துல எனக்கு ஒரு பொறாமை வருது மருமகனே, சட்டை மேல. நான் 1946-ல ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துல, லயத்துக் கோடி வீட்டுல பொறந்தவன். மருத்துவச்சி கொடியறுத்தா, மண்டோர் பிரட்டுல 'ஆம்பளைப் புள்ள'ன்னு சொன்னாரு, எல்லாரும் பால் வெட்டப் போயிட்டாங்க. என் பொறப்புக்கு அதான் பாரம். என் தம்பி மெர்டேக்காவுக்கு அடுத்த வருசம், 1958-ல, அதே லயத்துல, அதே பாயில பொறந்தான். அவன் பொறக்கும்போதே பிரஜை. நான் சிவப்பு ஐசி, அதாவது பிரஜை இல்லாதவன். ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே பாய். பன்னெண்டு வருசம் முந்திக்கிட்ட குத்தத்துக்கு நான் வெளிநாட்டுச் சரக்கு, அவன் உள்நாட்டுச் சரக்கு.

அப்புறம் 1968-ல வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜை இல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் வேணும். பெர்மிட் கிடைக்காத எத்தனையோ குடும்பம் தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கிட்டு ரஜூலா கப்பல்ல ஏறிச்சு. நாகப்பட்டணத்தைக் கண்ணால பார்த்திராதவன் எல்லாம் 'சொந்த ஊருக்கு'த் திரும்பிப் போனான். நீ இப்ப ஜிப்பா அனுப்பப் போறியே, அதே கடல்தான். இப்பக் கணக்குப் போடு. என் அப்பா சேலம் ஜில்லா. அம்மா லின்சம் தோட்டத்துல பொறந்தவ. நூலு பாதி அங்க, பாதி இங்க. நெசவு இங்க, தையல் இங்க, சாயம் ஏறினது இந்த வெயில்ல. 35 விழுக்காடு தேறாதா? எண் மாத்தமும் இருக்கு: கம்பு விதைக்கிறவன் பேரன் பால் வெட்டினான். ஆனா மனுசனுக்கு அந்தப் பாரம் கிடையாதாம். பிரஜைக்கான நீல ஐசி கைக்கு வந்தப்ப எனக்கு முன்பல்லு இல்ல. போட்டோவுல சிரிக்கச் சொன்னான், நான் சிரிக்கல. அதனால உன் ஜிப்பாவுக்கு மூணு நாள்ல பத்திரம் வரலைன்னு என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே.

சரி, சரக்குக்கு வா. உன் அத்தை சொல்றா, ஜிப்பா வேணாம், சேலை அனுப்பட்டுமேன்னு. அவகிட்ட ஒரு சங்கதி சொன்னேன், ரெண்டு வேளை என்கூடப் பேசல. சுங்கப் புத்தகத்துல சேலை உடுப்பே இல்ல, துணி. பட்டா இருந்தா பட்டுத் துணி, பருத்தியா இருந்தா பருத்தித் துணி. பின்னல் உடுப்புக்கு 61-ம் அத்தியாயம், நெசவு உடுப்புக்கு 62. ரெண்டுலயும் சேலைக்கு இடமில்ல, ரவிக்கைக்கு உண்டு. ஆயுசு பூரா சேலை கட்டினவ வெறும் துணியைத்தான் சுத்திக்கிட்டு இருந்திருக்கா. ஆனா பாரு, ரப்பர் கையுறை இருக்கே, ஆஸ்பத்திரியில போட்டுக்கிறது, அது 40-ம் அத்தியாயத்துல 40.15, 'ரப்பரால் ஆன உடுப்பும் உடுப்புத் துணைப்பொருளும்'. அப்ப நம்ம தோட்டம் உடுப்பு ஏத்துமதிக்குச் சரக்கு குடுத்த தோட்டம் ஆயிடுச்சு! விடியக்காலையில பால்வாளியைத் தூக்கிக்கிட்டு நடந்தப்ப, உலகத்துக்குச் சட்டை நெய்யப் போறோம்னு எவனாவது சொல்லியிருந்தா ஒரு பெருமையாவது இருந்திருக்கும்.

அந்தக் கையுறையிலயும் வேடிக்கை இருக்கு. உலகத்துக்குக் கையுறை குடுக்கிறதுல மலேசியாதான் மொத இடத்துல பேர் எடுத்தது. ஆனா பால் நிறைய தாய்லாந்துலேர்ந்து வருது. பாதிக்கு மேல மரமே பார்க்காத செயற்கை ரப்பர். நம்ம ரந்தாவ், சிலியாவ் பக்கம் பால்மரத்தை வெட்டிட்டுச் செம்பனை வெச்சாச்சு. அந்நிய ஊர்ப் பால் இங்கத்து ஆலையில கையா மாறினதும் எண் மாறுது, மலேசியக் கையுறை ஆயிடுது. நியாயம்தான், உருமாத்தம் நடந்திருக்கு. வேலை இங்க நடந்தா பொறப்பு இங்க. அந்த நியாயத்தை நம்ம சனத்துக்குக் கொஞ்சம் முன்னாடி கண்டுபுடிச்சிருக்கலாம்.

இந்தச் சலுகை வித்தையெல்லாம் இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பயலுவ கண்டுபுடிச்சதுன்னு நெனைக்காதே. என் பாட்டி காலத்துலேயே நடந்தது. 1932-ல ஒட்டாவாவுல கூடி, பேரரசுக்குள்ள நமக்கு நாமே சலுகைன்னு வெள்ளைக்காரன் முடிவு பண்ணான். அந்தச் சமயத்துல தோட்டத்துக் கடையில ஜப்பான் துணிதான் மலிவு. ரப்பர் விலை விழுந்து கூலியைக் குறைச்ச நேரம். ஜப்பான் சேலையும் ஜப்பான் சாரமும் இருந்ததால மானம் மறைஞ்சது. 1934 மே 7-ம் தேதி லண்டன்ல ரெண்டு காரியம் ஒரே நாள்ல நடந்தது. ஒண்ணு, ரப்பர் ஏத்துமதியைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தத்துல நாடுகள் கையெழுத்துப் போட்டது. இன்னொண்ணு, வாணிப மந்திரி ரன்சிமான் எழுந்து, காலனிகள்ல அந்நியத் துணிக்கு இனிமே அளவு வெப்போம்னு பார்லிமெண்டுல சொன்னது. அந்நியத் துணின்னா யாரு? ஜப்பான்தான். அளவு எதை வெச்சி? 1927 முதல் 1931 வரைக்கும் வந்த சரக்கோட சராசரியை வெச்சி, அதாவது ஜப்பான் சரக்கு இவ்வளவு பெருகாத காலத்தை வெச்சி. நெகிரி செம்பிலானும் வெள்ளைக்காரன் ஆண்ட கூட்டு மலாய் மாநிலம் நாலுல ஒண்ணு, தப்ப முடியுமா? லங்காஷயர் மில்லுக்கு மருந்து, என் பாட்டிக்குப் பத்தியம். தோட்டத்துப் பங்கு லண்டன்ல ஏறுது, சேலை விலை ரந்தாவுல ஏறுது. பாட்டிக்கு ஒட்டாவா எங்க இருக்குன்னு தெரியாது. அங்கேருந்து தன் முந்தானையை ஒருத்தன் இழுத்தது மட்டும் தெரிஞ்சிருக்கும்.

அதனால யாராவது சலுகைன்னு சொன்னா, யாருக்கு வலியோ அவனைத் தேடிப் பாரு. இப்ப ஐரோப்பாக்காரன் சலுகையை எடுத்துக்கோ. ஏழை நாட்டுச் சரக்குக்கு வரியைக் குறைக்கிறேன்னு 1971-ல ஆரம்பிச்சான். நாமளும் அந்த வரிசையில நின்னோம். 2014 ஜனவரி 1-லேர்ந்து மலேசியா வெளியே. காரணம், நாம மேல்நடுத்தர வருமான நாடு ஆயிட்டோம். நாம பணக்காரனான சேதியை நம்ம சில்லறைக் கடைக்காரர்கிட்ட இன்னும் யாரும் சொல்லல போல. பழைய கடன் நோட்டை இன்னும் நீட்டிக்கிட்டு இருக்காரு. இப்ப நம்ம சட்டை ஐரோப்பாவுக்குப் போனா பெரும்பாலும் 12 விழுக்காடு வரி. அந்தப் பக்கம் செம்பனைக் காட்டுல குலை அறுக்குதே வங்காளதேசத் தம்பி, அது ஊர்ச் சட்டைக்கு அங்க வரி கிடையாது. 2001-லேர்ந்து, ஆயுதத்தைத் தவிர எதை வேணாலும் கொண்டான்னு அவங்களுக்குக் கதவு திறந்திருக்கு. சட்டை ஐரோப்பாவுக்குப் போகுது, தைக்க வேண்டிய பையன் நம்ம ஊருக்கு முள்ளு மிதிக்க வர்றான். இலங்கைக்கும் இதே மாதிரி ஒரு விசேஷச் சலுகை. மனித உரிமை சரியில்லன்னு 2010-ல நிறுத்தி, 2017-ல திருப்பிக் குடுத்தான். ஆண்டவன் ஒருத்தன், தைச்சவ ஒருத்தி, வரி விழுந்தது தையக்காரி சட்டை மேல.

உனக்கு நான் சொல்ற வழி கேளு. சென்னைக்கு ஜிப்பா அனுப்புறதே கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதை. திருப்பூர் பக்கத்துலயே இருக்கு. அனுப்பித்தான் தீருவேன்னா, அங்கத்துத் துணியையே வரவழைச்சி இங்க வெட்டித் தை. அது ஒப்பந்தத்துக்குள்ள இருக்கிற நாட்டுச் சரக்கு. சரியான பாரத்தோட வந்தா அதோட மதிப்பும் நம்ம கணக்குல சேரும். அதுக்கும் முன்னாடி, உன் ஆறு இலக்க எண் வரிக்குறைப்புப் பட்டியல்ல இருக்கா, விலக்கி வெச்ச பட்டியல்ல இருக்கான்னு பாரு. பாதிப் பேரு கப்பல் போனதுக்கு அப்புறம்தான் அந்தப் பட்டியலைத் திறக்கிறான்.

இல்லேன்னா பசிபிக் கூட்டணிப் பக்கம் திரும்பு. ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா எல்லாம் இருக்கிற கூட்டணி. மலேசியாவுக்கு 2022 நவம்பர் 29-ல நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனும் 2024 டிசம்பர் 15-ல உள்ளே வந்துட்டான். ரன்சிமான் பேரனுங்களுக்கு நீ சட்டை விக்கலாம். பொருளைப் பொறுத்து வரி ஒரேயடியா இல்ல படிப்படியா இறங்கும். ஆனா அங்க பொறப்புக் கேள்வி இன்னும் கிடுக்கிப்பிடி. பெரும்பாலான உடுப்புக்கு நூல்லேர்ந்தே கூட்டணிக்குள்ள நடந்திருக்கணும்: நூல் நூற்கிறது, நெய்யிறது, வெட்டுறது, தைக்கிறது. துணியை மட்டும் சீனாவுலேர்ந்து எடுத்துட்டு வந்தா உனக்கு வாசல்லயே கும்புடு. நீ நீலாய்க்குப் போறியே, அங்க மொத்தக் கடைக்கு மட்டுமா போறது? அதே நீலாய்ல பாலியஸ்டர் நூல் ஆலை இருந்தது உனக்குத் தெரியுமா? தைவான்காரங்க ஹுவாலோன்னு நடத்தினது. அது நொடிச்சதும் 2007 வாக்குல இந்தியாவோட ரிலையன்ஸ் வாங்கி ரெக்ரான்னு பேர் வெச்சது. உன் பெரியம்மா தலைமுறைப் பொண்ணுங்க தோட்டத்து லயத்துலேர்ந்து கம்பெனி பஸ் ஏறி நீலாய்க்கும் செனவாங்குக்கும் போனது அந்தத் தைவான்காரங்க காலத்துல. நீ தேட வேண்டியது அந்த மாதிரி நூலை. சட்டைக் கடையை இல்ல, சட்டையோட பாட்டி வீட்டைக் கண்டுபுடி.

அமெரிக்கா பக்கம் இந்த லேபிள் வித்தையோட தலை வெச்சும் படுக்காதே. 2025 ஆகஸ்டுல நம்ம சரக்குக்கு 19 விழுக்காடு போட்டான். வேற நாட்டுச் சரக்கை இடையில ஊர் மாத்தி அனுப்புறதாத் தெரிஞ்சா 40 விழுக்காடுன்னு தனியா மிரட்டினான். அதுக்கு முன்னாடியே, மே 6-லேர்ந்து, அமெரிக்காவுக்குப் போற சரக்குக்கு மூலச் சான்றிதழ் மித்தி மட்டும்தான் குடுக்கும்னு நம்ம அரசாங்கம் மாத்திடுச்சு. முன்னே வர்த்தகச் சங்கங்களும் குடுத்துக்கிட்டு இருந்தது. உன் கூட்டாளி மாதிரி எத்தனை மூளை இந்த நாட்டுல இருந்திருக்குன்னு அதுலேயே தெரியல?

கப்பல் சங்கதி கொஞ்சம்தான். நம்ம மாநிலத்துக்குத் துறைமுகம்னா போர்ட்டிக்சன். 1891-லேயே சிரம்பான்லேர்ந்து அங்க ரயில் ஓடிச்சு. இப்ப நாம அங்க போறது குளிக்க. அதனால கிள்ளான்தான், நார்த்போர்ட்டோ வெஸ்ட்போர்ட்ஸோ. இருபதடிப் பெட்டிக்குள்ள 33 கன மீட்டர் சொச்சம் இடம். அட்டைப் பெட்டி அடுக்கினா அதுவும் முழுசா நிரம்பாது. துணி லேசு, அதனால எடை உன்னைக் கடிக்காது, இடம் கடிக்கும். ஜிப்பாவுக்குள்ள வெறும் காத்தை அடைச்சி மடிச்சா காத்துக்கும் கட்டணம் கட்டுவே. மொதத் தடவை முழுப் பெட்டி எடுக்காதே, நாலு பேர் சரக்கோட பங்குப் பெட்டியில போ. 2016 ஜூலைலேர்ந்து நிறுத்த எடையை எழுதிக் குடுக்காத பெட்டியைக் கப்பல்ல ஏத்தவே கூடாது. கண்ணளவுல எழுதாதே, இது கோழி விக்கிற இடமில்ல. பெட்டி கொழும்புல கப்பல் மாறினா பரவாயில்ல; அந்த ஊர்ல சந்தைக்குள்ள இறங்கி வெளியே வந்தா பொறப்பு கெட்டுப் போச்சு. கடல் காத்துக்குத் துணி பூஞ்சை புடிக்கும், ஈரம் உறிஞ்சுற பொட்டலம் போடு. பாரத்துல இருக்கிற சுங்க எண்ணும் விலைச் சீட்டுல இருக்கிற எண்ணும் ஒண்ணா இருக்கான்னு உன் அக்காவை விட்டுப் பார்க்கச் சொல்லு. நீ பார்க்காதே. உன் பத்தாம் வாய்ப்பாட்டை நான்தானே கேட்டேன்.

பாரம் கைக்கு வந்ததும் ஆட்டம் முடிஞ்சதுன்னு கோழி அடிச்சிடாதே. இந்தியாவுல 2020 செப்டம்பர் 21-லேர்ந்து ஒரு விதி. பாரம் இருந்தா மட்டும் போதாது. இந்தச் சட்டை எப்படி எங்க உண்டாச்சுன்னு வாங்குறவனே தெரிஞ்சி வெச்சிருக்கணும், கேட்டா காட்டணும், அஞ்சு வருசம் அந்தத் தாளைக் காப்பாத்தணும். அவன் உன்கிட்டதானே கேட்பான்? துணி வாங்கின பில்லு, தையல் கூலி ரசீது, பொத்தான் கணக்கு எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு வை. சந்தேகம் வந்தா அங்கத்துச் சுங்கம் நம்ம மித்திக்கு எழுதும், மித்தி உனக்கு எழுதும், நீ கூட்டாளிக்கு எழுதுவே, அவன் நம்பர் மாத்தியிருப்பான்.

அதனால அடுத்த வாரம் சரக்கு எடுக்கப் போகாதே. ஒரே ஒரு ஜிப்பாவுக்குச் செலவுத் தாள் போடு. துணி எவ்வளவு, எந்த ஊர்த் துணி, யார் வெட்டுறா, யார் தைக்கிறா, ஒரு துண்டுக்குக் கூலி எத்தனை. ரந்தாவுலேயே தையல் தெரிஞ்ச அக்காமாருங்க இருக்காங்க, மிஷின் சும்மா துருப்புடிச்சிக் கிடக்கு. அவங்க கூலியைக் கூட்டிப் போட்டாலே உன் 35 தன்னால ஏறும். தாளை எழுதி எடுத்துட்டு வா, நான் கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன். கையெழுத்து மட்டும் நீயே போடு. சாட்சின்னு ஒரு கட்டம் வந்தா என் பேரை எழுதிடாதே. கடையில யாராவது கேட்டாலும், மாமா நீலாய் எங்க இருக்குன்னே தெரியாத ஆளுன்னு சொல்லு. தோசை ஆறுது பாரு, சாப்பிடு.